பல வகைக் கோழிகளுக்கு ஒரே தொட்டியில் தீவனம் வைக்கலாமா?

ஏழு குஞ்சுகள் செத்த பிறகுதான் எனக்குத் தீவன மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்கத் தெரிந்தது.

இது நடந்தது 2018-ல். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக வேலை பார்த்தது தி.நகர் கிளையில், குடியிருப்பு மயிலாப்பூர். கைக்கு வந்த பணத்தில் மதுராந்தகம் பக்கம் இரண்டரை ஏக்கர் வாங்கி, வாரத்தில் நாலு நாள் அங்கே, மூணு நாள் இங்கே என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். நிலத்தில் முதலில் நெல் வைத்தேன், அப்புறம் காய்கறி, அதுக்கப்புறம் கோழி. கோழி வாங்கும்போது கணக்குப் பார்த்து வாங்கவில்லை. பார்த்ததெல்லாம் பிடித்துப்போய் வாங்கினேன். சிறுவிடை பதினெட்டு, பெருவிடை நாலு, கருங்கோழி ஆறு, நந்தனம் கோழி பத்து, சேவல்கள் மூணு, அப்புறம் தாய்க்கோழியோட வந்த குஞ்சுகள் ஒரு கும்பல்.

நந்தனம் கோழி என்றால் சென்னைக்காரங்களே சிரிக்கிறாங்க, மெட்ரோ ஸ்டேஷன்ல கோழியா என்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் முன்பு நந்தனத்தில்தான் இருந்தது. புறக்கடைக்கு ஏற்ற மாதிரி அங்கே உருவாக்கிய இனங்களுக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். பிற்பாடு வேலையெல்லாம் மாதவரத்துக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போன இடம். கோழி வளர்க்கிற வரைக்கும் எனக்கும் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வகைக்கும் சேர்த்து நான் வாங்கிப்போட்டது ஒரே தீவனம், முட்டைக்கோழித் தீவனம், கடைக்காரர் சொல்கிற லேயர் மேஷ். என் நியாயம் எளிமையானது. முட்டை போடுகிற கோழிக்கே நல்லதென்றால் மற்றதுக்கும் நல்லதாகத்தானே இருக்கும்? ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பத்து வாரக் குஞ்சுகள் சில தலையைத் தொங்கப்போட்டு உட்கார ஆரம்பித்தன. தண்ணீரை மட்டும் மொடக் மொடக்கென்று குடித்தன. எச்சம் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எழுபதைத் தாண்டியவர். அவர்தான் முதலில் கவனித்தார். "சார், இது கழிச்சல் நோய் மாதிரி தெரியல. கழுத்து திருகல, பச்சையாப் போகல. என்னமோ தின்னது ஒத்துக்கல." நான் கேட்டுக்கொள்ளவில்லை. மருந்துக் கடையில் ஏதோ வாங்கி ஊற்றினேன்.

மூணு செத்த பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். என் கண் முன்னாலேயே அறுத்துக் காட்டினார். சிறுநீரகம் வீங்கி வெளுத்திருந்தது. இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சாக்பீஸ் பொடி தூவின மாதிரி வெள்ளைப் படலம். என்ன தீனி போடறீங்க என்று கேட்டார். நல்ல தீவனம், விலை ஜாஸ்தி என்று பெருமையாகச் சொன்னேன். "தீவனம் நல்லதுதான் சார். ஆளுக்குத்தான் பொருந்தல" என்றார். நான் தீவனத்தை மாற்றுவதற்குள் இன்னும் நாலு போய்விட்டன.

சுண்ணாம்புச் சத்தில்தான் சூட்சுமம்

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும், ஏழு வருஷம் என் பேரேட்டில் எழுதி வைத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மூட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று புரதம், இன்னொன்று சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். முட்டை விடும் கோழிக்குப் புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3 முதல் 4 சதவீதம் தேவை. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்குப் புரதம் 20 சதவீதம் வேண்டும், கால்சியம் 1 சதவீதம் போதும். அதுக்கு மேல் முட்டைக்கு வரும் வரை வளரும் கோழிக்குப் புரதம் 16, கால்சியம் அதே 1. சேவலுக்குப் புரதம் 14 இருந்தாலே ஓடிவிடும். அவனுக்கு ஓடு கட்டுகிற வேலை இல்லை, ஆகவே கால்சியம் 1 சதவீதத்துக்கு மேல் தேவையே இல்லை.

புரதத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான், கால்சியத்தில் மூணு, நாலு மடங்கு. அந்த மிச்சம் முழுக்க வளரும் குஞ்சின் சிறுநீரகத்தின் மேல் போய் விழுகிறது. வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமில உப்பு உள்ளுறுப்புகள் மேல் படிந்துவிடுகிறது. நான் பார்த்த சாக்பீஸ் பொடி அதுதான். வளர்ந்த சேவல் இதைக் கொஞ்ச காலம் தாங்கும். எங்க சேவல்களும் தாங்கின. குஞ்சு தாங்காது.

சரி, குஞ்சுத் தீவனத்தையே எல்லாருக்கும் போட்டால்? முட்டைக்கோழிக்கு ஓடு மெலிந்துவிடும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. நாட்டுக்கோழி முட்டை சுமார் 40 கிராம். அதில் ஓடு 4 கிராம், ஓட்டில் கால்சியம் ஒன்றரை கிராம். கோழி தின்கிற கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். அப்படியானால் முட்டை விடும் நாளில் 3 கிராம் உள்ளே போக வேண்டும். 1 சதவீதத் தீவனம் 80 கிராம் தின்றால் கிடைப்பது 0.8 கிராம். பாக்கி 2.2 கிராம் பற்றாக்குறை. வங்கியில் பற்றாக்குறை வந்தால் நாம் ஓவர்டிராஃப்ட் கொடுப்போம். கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். கொஞ்ச நாளில் தோல்முட்டை வரும், கால் தளரும், தன் முட்டையைத் தானே கொத்தித் தின்னப் பழகும்.

ஆகவே விடை இதுதான். எல்லாருக்கும் பொதுவான தீவனத்தில் கால்சியம் 1 சதவீதமே இருக்கட்டும். பாக்கியைத் தனிச் சட்டியில் கிளிஞ்சலாக வையுங்கள். சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இல்லை, பச்சைக் கிளிஞ்சல். அதை உடைத்து, அரிசிக் குருணையைவிடச் சற்றுப் பெரிதாகச் சலித்து வைக்க வேண்டும். மேலே சொன்ன 2.2 கிராம் பற்றாக்குறைக்கு ஆறு கிராம் கிளிஞ்சல் போதும். முட்டை விடும் கோழிக்குத் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிகிறது. சேவல் வந்து ஒரு கொத்து கொத்திவிட்டுப் போய்விடும், குஞ்சும் பெரிதாக அந்தப் பக்கம் திரும்பாது. இந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போனது ஏழு குஞ்சுகளின் விதி.

ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டப்படுகிறது. அதனால் சாயங்காலம் கூட்டுக்குப் போகுமுன் கிளிஞ்சல் சட்டியைச் சுற்றிக் கூட்டம் ஜாஸ்தி. அந்த நேரத்தில் சட்டி காலியாக இருக்கக் கூடாது. கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் முட்டை ஓட்டையே வறுத்து நொறுக்கிப் போடலாம். மயிலாப்பூரில் இரண்டு பேக்கரிக்காரர்கள் எனக்காக ஓட்டை ஒரு வாளியில் போட்டு வைக்கிறார்கள். வறுக்காமல் போட்டால் கிருமி பயம் உண்டு. ஓடு உருவம் தெரியாமல் நொறுக்கவும் வேண்டும், இல்லையென்றால் முட்டை கொத்தும் பழக்கத்தை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். இன்னொன்று, கிளிஞ்சல் வேறு, பொடிக்கல் வேறு. கிளிஞ்சல் வயிற்றில் கரைந்துவிடும். இரைப்பையில் தானியம் அரைக்கக் கரையாத பொடிக்கல் வேண்டும். மேய்கிற கோழி அதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். மாடியில் வளர்க்கிறவர்கள் ஒரு கை சிறு ஜல்லி மணலும் வையுங்கள்.

குஞ்சுக்குத் தனிப் பந்தி

பொதுத் தீவனம் என்றாலும் குஞ்சுக்குப் புரதம் கூடுதலாக வேண்டுமே, அதை எப்படிப் பெரியவை தின்னாமல் கொடுப்பது? இதற்கு வெளிநாட்டில் கம்பிக் கூண்டெல்லாம் விற்கிறார்கள். நம்மூரில் பஞ்சாரம் இருக்கிறது. பஞ்சாரத்தை நாலு செங்கல் மேல் தூக்கிக் கவிழ்த்தேன். கீழே மூணு அங்குலம் இடைவெளி. குஞ்சு குனியாமல் உள்ளே போகும், தாய்க்கோழி கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடும். உள்ளே, தாயின் கழுத்துக்கு எட்டாத நடுவில் குஞ்சுத் தீவனம். குஞ்சு வளர வளர இன்னொரு செங்கல் ஏற்றுங்கள். இந்த யோசனை எனதல்ல, கோழி பார்க்கும் அம்மாவுடையது. "மூட்டைக்கு அவ்ளோ காசு குடுக்குறீங்க, ஒரு செங்கல்லு வெக்க மாட்டீங்களா சார்?" என்றார்.

எடை குறைந்த சிறுவிடையும் பெருவிடையும் ஒரே தொட்டியில் தின்றால் பெருவிடைதான் ஜெயிக்கும். ஒரு பெரிய தொட்டி வைப்பதைவிட நாலு சின்னத் தொட்டி, ஒன்றுக்கொன்று தெரியாத மறைவில் வையுங்கள். கோழிக்கு நாலு விரல் அகலமாவது தொட்டியில் இடம் வேண்டும். இதெல்லாம் தீவனத் தேர்வில் சேராது என்று நினைக்காதீர்கள். நல்ல தீவனம் போட்டும் இளைத்துக் கிடக்கும் கோழி பெரும்பாலும் தொட்டியில் இடம் கிடைக்காத கோழிதான்.

நாமே அரைத்தால்

கடைத் தீவனத்தை நான் முழுக்க விட்டது இரண்டு காரணத்துக்காக. ஒன்று சோயா. 2021 ஆகஸ்டில் கோழித் தீவனத்துக்காக மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது. விதையில் வேண்டாம் என்று நாம் போராடியது தொட்டி வழியாக வருகிறது. இரண்டாவது மருந்து. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் வேலை செய்யாதபோது மருத்துவமனையில் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. 2019 ஜூலையில்தான் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். இதுபோகக் குஞ்சுத் தீவனத்தில் ரத்தக் கழிச்சலைத் தடுக்கச் சில மருந்துகள் கலந்து வரும். கலப்பாக வளர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கோழிக் குஞ்சுக்குப் பாதுகாப்பான சாலினோமைசின், வான்கோழிக்கு விஷம். நிகார்பசின் என்று இன்னொன்று. முட்டைக்கோழி தின்றால் பழுப்பு ஓடு வெளுத்துப்போகும், குஞ்சு பொரிக்கும் விகிதம் குறையும். மூட்டைச் சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைத் தீவனம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மருந்து கலக்காத வளர்பருவத் தீவனம், அதாவது குரோயர், கேட்டு வாங்கிப் பக்கத்தில் கிளிஞ்சல் சட்டி வையுங்கள். கலப்புக் கூட்டத்துக்கு அதுவே பொருந்தும்.

அரைப்பதற்குச் சூத்திரம் கஷ்டமில்லை. தானியத்தை ஒரு பக்கம் வையுங்கள்: கம்பு, மக்காச்சோளம், சோளம், நொய், தவிடு. கம்பில் புரதம் 11, மக்காச்சோளத்தில் 9, நொய்யில் 8, தவிட்டில் 12. சேர்த்துப் பார்த்தால் சராசரி 10 சதவீதம். இன்னொரு பக்கம் கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள். இவை 35-லிருந்து 45 வரை, சராசரி 40. தானியம் மூணு பங்கு, புரதப் பக்கம் ஒரு பங்கு கலந்தால் என்ன வரும்? மூணு பத்து முப்பது, கூட நாற்பது, எழுபது. நாலால் வகுத்தால் பதினேழரை. இது பெரியவர்களுக்கு. குஞ்சுக்கு இரண்டு பங்கு தானியம், ஒரு பங்கு புரதப் பக்கம். இருபது, கூட நாற்பது, அறுபது, மூணால் வகுத்தால் இருபது. இந்த "மூணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு" கணக்கைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் இப்போது 100 கிலோவுக்குப் போடுவது: மக்காச்சோளம் 26, கம்பு 25, நொய் 10, தவிடு 12, கடலைப் புண்ணாக்கு 12, எள்ளுப் புண்ணாக்கு 6, கருவாட்டுத் தூள் 7, தாது உப்புக் கலவை 2 கிலோ. புரதம் பதினேழரைக்குக் கொஞ்சம் மேல், கால்சியம் 1-ஐ ஒட்டி வரும். தனியாகச் சமையல் உப்பு சேர்ப்பதில்லை, கருவாட்டிலேயே இருக்கிறது. கடைசியாக அரைத்தபோது அரவைக் கூலி தவிர்த்துக் கிலோ 34 ரூபாய் ஆனது. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும்.

மூணு விதமான புரதம் எதற்கு, விலை குறைந்த ஒன்றையே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு. எள்ளில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. மீனில் இரண்டும் உண்டு. மெத்தியோனின் இறகுக்கு வேண்டிய சத்து. அது குறைந்தால் முதல் அறிகுறியாக ஒன்றையொன்று இறகு பிடுங்க ஆரம்பிக்கும். கருங்கோழிகள் அப்படிப் பிடுங்கிக்கொண்டபோது இனத்தின் குணம் என்று நினைத்தேன். எள்ளுப் புண்ணாக்கு சேர்த்த ஒரு மாதத்தில் குறைந்தது.

மீன் எனக்குப் பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கத்திலிருந்து வருகிறது. விற்காமல் போன பொடிமீனை உப்பு போடாமல் வெயிலில் காயவைத்துத் தருகிறார்கள். உப்புக் கருவாடு வாங்காதீர்கள், கோழிக்கு உப்பு அதிகமானால் தண்ணீர் கழிந்தே சாகும். வாங்குமுன் நாக்கில் வைத்துப் பாருங்கள். கூச்சப்பட்டால் கோழி சாகும். நூறு கிலோவுக்குப் பத்துக்கு மேல் மீன் போனால் முட்டை மணக்கும். மயிலாப்பூரில் என்னிடம் முட்டை வாங்கும் ஒரு மாமி, "உங்க கோழி சைவமா?" என்று கேட்டார். கோழி சைவம் கிடையாது மாமி, கரையான், பூரான், சமயத்தில் சுண்டெலி வரைக்கும் தின்னும் என்றேன். ரெண்டு வாரம் வாங்கவில்லை. அப்புறம் வந்துவிட்டார்.

தவிட்டைப் பற்றி ஒரு பழைய கதை. 1890-களில் ஜாவாத் தீவில், பட்டாவியா நகரத்து ராணுவ மருத்துவமனையில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கு வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழ ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் தாமாகவே எழுந்தும் விட்டன. விசாரித்தால், சமையற்காரர் மிச்சமான வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறார். அவருக்குப் பிறகு வந்தவர், ராணுவச் சோறு சாதாரணக் கோழிக்கா என்று நிறுத்திவிட்டு, தீட்டாத அரிசியைப் போட்டிருக்கிறார். நோயைப் போக்கியது தவிடு. பிற்பாடு அதைத்தான் பி1 வைட்டமின் என்று கண்டுபிடித்தார்கள். 1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சென்னையில் மாடியில் கோழி வளர்க்கிறவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். அடையாறில் ஒரு நண்பர் ஆறு கோழி வைத்திருக்கிறார். அபார்ட்மென்ட் முழுக்க மிச்சச் சோறு வருகிறது, செலவே இல்லை என்று சந்தோஷப்பட்டார். கோழிகள் கொழுத்தன, முட்டை நின்றது. வெள்ளைச் சோறு மாவுச்சத்து மட்டும். மேய்ச்சல் இருந்தால் புழுவும் பூச்சியும் கீரையும் பாக்கியைச் சரிக்கட்டும். சிமென்ட் மாடியில் நாம் கொடுத்தால்தான் உண்டு. மிச்சச் சோறு மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம், அதுவும் சாம்பார், ஊறுகாய் கலக்காமல். அதைவிட வடக்கு மாட வீதியிலும் ரங்கநாதன் தெருவிலும் கடை எடுத்து வைக்கும் நேரத்தில் ஒதுக்கும் முருங்கை இலை, கீரைத் தண்டு, முட்டைக்கோஸ் மேலிலை நல்ல சரக்கு. மஞ்சள் கருவுக்கு நிறம் அதில்தான் வரும்.

தவிடு புதிதாக இருக்க வேண்டும். அதில் எண்ணெய் உண்டு. இரண்டு வாரம் தாண்டினால் சிக்கு வாடை அடிக்கும், சத்தும் போய்விடும்.

அசோலா பற்றி நம் கூட்டங்களில் ரொம்பப் பேசுகிறோம். தீவனச் செலவு பாதியாகும் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அசோலாவில் 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலா காய்ந்தால் 60 கிராம். அதில் புரதம் கால் பங்குக்குள், மிஞ்சிப்போனால் 14 கிராம். இது 35 கிராம் கடலைப் புண்ணாக்கில் கிடைத்துவிடும். பசுந்தீவனமாக, வைட்டமினுக்காகக் கொடுங்கள், நல்லது. தீவனத்துக்குப் பதிலாக என்று நம்பி மூட்டையைக் குறைக்காதீர்கள். அதைவிடக் கரையான் பானை மேல். மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் குஞ்சுகளுக்கு விருந்து. கரையான் மருந்து அடித்த இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

பூஞ்சணம்

இப்போது என் இரண்டாவது தப்பு. 2023-ல் வான்கோழிக் குஞ்சுகள் பதினாலு வாங்கினேன். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் சில வாரம் புரதம் 28 சதவீதம் வரை வேண்டும், ஆகவே கடலைப் புண்ணாக்கு நாலு மூட்டை மொத்தமாக வாங்கி அடுக்கினேன். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மயிலாப்பூர் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர், ஐந்து நாள் நிலத்துக்குப் போக முடியவில்லை. போய்ப் பார்த்தால் கீழ் இரண்டு மூட்டை ஈரம் குடித்துப் பச்சை பூத்திருந்தது. வீணாக்க மனசு வரவில்லை. பூத்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை வெயிலில் காயவைத்து அரைத்துப் போட்டேன். அந்த அம்மா முகம் சுளித்தார். "நீங்க சாப்பிடுவீங்களா சார் அத?" என்றார். பத்து நாளில் பதினொரு வான்கோழிக் குஞ்சுகள் போய்விட்டன. அதே தீவனத்தைத் தின்ற நாட்டுக்கோழிகளுக்கு முட்டை குறைந்ததோடு சரி.

பிறகு தெரிந்துகொண்டேன், இது உலகத்துக்கே பாடம் சொன்ன சாவு என்று. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனால், பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற நச்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரலைத் தாக்கும். வெயிலில் காய்ந்தாலும் போகாது, அடுப்பில் கொதித்தாலும் போகாது. பூஞ்சணத்தைச் சுரண்டலாம், உள்ளே இறங்கின விஷத்தைச் சுரண்ட முடியாது. வான்கோழியும் வாத்தும் இதற்குச் சீக்கிரம் பலியாகும், கோழி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆகவே கலப்புக் கூட்டத்தில் கோழி தெம்பாக இருப்பதை வைத்துத் தீவனம் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தீவனம் இருப்பு வைப்பதில்லை என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். மூட்டை பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்த்து வாங்குகிறேன். மக்காச்சோளத்தைக் கடித்தால் டப்பென்று உடைய வேண்டும், பல்லில் அமுங்கினால் ஈரம் இருக்கிறது. தண்ணீர் தெளித்துப் பிசைந்த தீவனம் நம் ஊர்ப் புழுக்கத்தில் மூணு மணி நேரத்தில் புளித்துவிடும், பிசைந்தால் தின்று தீர்கிற அளவு மட்டும் பிசையுங்கள். சந்தேகப்பட்ட தீவனம் கோழிக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். மாடு தின்றால் பாலில் வரும். குழி வெட்டி மூடுவதுதான் வழி. வாராக்கடனைத் தள்ளுபடி செய்கிற மாதிரி கஷ்டமாகத்தான் இருக்கும்.

எவ்வளவு போடுவது என்ற கேள்வி பாக்கி. அடைத்து வளர்த்தால் நாட்டுக்கோழிக்கு 80 கிராம், நந்தனம் மாதிரி முட்டை அதிகம் விடும் கோழிக்கு 100-லிருந்து 110 கிராம். நாள் முழுக்க மேய்கிறவற்றுக்கு 30, 40 கிராம் போதும். காலையில் கொஞ்சமாகவும் சாயங்காலம் மிச்சத்தையும் வையுங்கள். காலையில் வயிறு நிறைத்துவிட்டால் மேயப் போகாமல் வாசலிலேயே நிற்கும். அறுவடை முடிந்த வயலில் தானியம் சிதறிக் கிடக்கும்போது நாம் போடும் தீவனத்தில் தானியத்தைக் குறைத்துப் புண்ணாக்கைக் கூட்டலாம். சித்திரை வைகாசியில் தரை காய்ந்து புழு பூச்சி அடங்கிவிடும், அப்போது முழுத் தீவனமே போட வேண்டியிருக்கும்.

இந்தக் கிராம் கணக்கெல்லாம் எனக்கு. அந்த அம்மாவுக்கு வேறு கணக்கு. பொழுது சாய்ந்து கோழி கூட்டில் ஏறியதும் கையை விட்டு ஒவ்வொன்றின் கழுத்தடித் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பார். எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு இறுகி இருந்தால் சரி. தொளதொளவென்று இருந்தால் அதுக்கு இன்னிக்குக் கிடைக்கல, தனியாக எடுத்து வைத்துப் போடுவார். மார்பெலும்பு கத்தி மாதிரி கையில் குத்தினால் பல நாளாகவே கிடைக்கவில்லை என்று அர்த்தம். நான் தராசில் நிறுத்துச் சரிபார்த்திருக்கிறேன். அவர் இளைத்தது என்று ஒதுக்கிய கோழி ஒவ்வொரு தடவையும் இளைத்ததாகத்தான் இருந்தது. இப்போது வாரத்தில் நாலு நாள் இருட்டினதும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நானும் அவர் பின்னால் போகிறேன்.